வங்கக் கடலின் இரு கரைகள்

(கொருக்குப்பேட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விஞ்ஞான விஷயம் ஒன்றைத் தமிழிலேயே, அத்துறையிற் பழகாதவர்க்கும் விளங்கும்படி எடுத்துரைக்க வேண்டும் என்பது இவ்வறக்கட்டளையின் விதி. அவ்விதிக்கு இணங்க நான் தேர்ந்துகொண்ட பொருள், எரிமலைகளும் பூகம்பங்களும் சமுத்திரத்தின் ஓரங்களிலே திரண்டு நிற்பதன் காரணம் என்பதாகும். உலகப் படம் ஒன்றை விரித்து, சென்ற நூறாண்டுகளில் பூமி அதிர்ந்த இடங்களுக்கெல்லாம் ஒரு கரும்புள்ளியும், நெருப்பைக் கக்கும் மலைகளுக்கெல்லாம் ஒரு செம்புள்ளியும் இட்டுக்கொண்டு போனால், அப்புள்ளிகள் சிதறிக் கிடவாமல் கோடுகளாகவே அமைவதைக் காணலாம். அக்கோடுகளுள் நீண்டது, நியூசிலாந்தில் தொடங்கி, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், ஜப்பான், கம்சாட்கா, அலாஸ்கா வழியாகச் சென்று, அமெரிக்கக் கண்டங்களின் மேற்குக் கரையோடு இறங்கிச் சிலி வரை, பசிபிக் மகாசமுத்திரத்தை ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் நீளத்துக்குச் சூழ்ந்து கிடப்பது. உலகத்துப் பூகம்பங்களிற் பத்தில் ஒன்பது பங்கும், உயிருள்ள எரிமலைகளில் நான்கில் மூன்று பங்கும் இதிலே அடங்குகின்றன. நெருப்பு வளையம் என்று இதற்குப் பெயர்.

இங்கே ஒரு வினா எழுவது இயல்பு. நாமும் சமுத்திரத்தின் ஓரத்திலேதான் வசிக்கிறோம். ராயபுரத்திலிருந்து காசிமேடு, திருவொற்றியூர் கடந்து எண்ணூர் வரையில், வாசலிலேயே கடலை வைத்துக்கொண்டு மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். அங்கே அலை கரையை அரித்த கதையும் புயல் கூரையைப் பிரித்த கதையும் உண்டேயன்றி, மலை நெருப்பைக் கக்கிய கதை கிடையாது. இதே வங்கக் கடலின் எதிர்க்கரையில், நம் துறைமுகத்திற் கப்பலேறினால் சென்று சேரக்கூடிய அந்தமானிலோ, நிலம் அடிக்கடி அதிர்கிறது, எரிமலையும் புகைகிறது. ஒரே கடலுக்கு ஒரு கரை சாந்தமாகவும் மறுகரை உக்கிரமாகவும் வாய்த்தது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை கண்டால் பசிபிக்கின் விஷயமும் தானே விளங்கும் என்பது என் துணிபு. ஆகையால் ஜப்பானையும் சிலியையும் பின்னர்த் தொடுவதாக வைத்துக்கொண்டு, நம் கடலையே முதற்பாடமாக எடுத்துக்கொள்கிறேன்.

நம் கரை பிறந்த விதம்

பரங்கிமலையும் பல்லாவரத்துக் குன்றுகளும் ஒருவகைக் கரும்பாறையால் ஆனவை. 1893இல் தாமஸ் ஹாலந்து என்னும் புவியியல் அறிஞர் அப்பாறையை ஆராய்ந்து, கல்கத்தா நகரை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் சமாதிக் கல்லும் அதே இனத்தது என்று கண்டு, அதற்குச் சார்னோக்கைட் எனப் பெயரிட்டார். ஏறத்தாழ 250 கோடி ஆண்டு மூத்த இப்பாறையின் உறவினத்தைத் தேடிச் சென்றவர்கள் வெகுதூரம் தெற்கே, பனி மூடிய அண்டார்க்டிகாவின் கரையோரத்தில், எண்டர்பி நிலம் என்னும் பிரதேசத்திலே அதனைக் கண்டார்கள். தமிழகத்தின் கிழக்குக் கரையும் அண்டார்க்டிகாவும் ஒரு காலத்தில் ஒட்டிக்கிடந்த ஒரே நிலமாக இருந்தன என்பதற்கும், ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அவை பிளந்து விலகத் தொடங்கின என்பதற்கும் உள்ள சாட்சியங்களில் இதுவும் ஒன்று. அப்பிளவு நேர்ந்த யுகத்தில் இங்கே தழைத்திருந்த செடிகொடிகளின் இலைத்தடங்கள், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் களிக்கல் அடுக்குகளில் இன்றும் கிடைக்கின்றன.

நிலம் பிளந்தபோது, பிளவின் அடியிலிருந்து பாறைக்குழம்பு எழுந்து உறைந்து புதிய கடற்றரை ஆயிற்று. விலக விலக மேலும் மேலும் எழுந்து உறைந்தது. அவ்வாறு உண்டான தரையின் ஒரு விளிம்பு நம் கரையோடு சேர்ந்தே உறைந்துவிட்டது. அன்று முதல் சென்னையின் நிலமும் வங்கக் கடலின் தரையும் பூமியின் கெட்டியான மேலோடு பிளந்து ஆன பெருந்துண்டுகளுள் ஒன்றாகிய ஒரே புவித்தட்டின் பாகங்களாய், ஒரே திசையில், ஒரே வேகத்தில் நகர்ந்து வருகின்றன. இதோ நமது கொருக்குப்பேட்டைச் சரக்கு யார்டில், கொக்கி மாட்டிய இரண்டு வேகன்கள் எவ்வளவு தூரம் ஓடினாலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதில்லை. எதிரெதிராக வந்து முட்டும் வேகன்களுக்கு இடையிலேதான் அதிர்ச்சியும் நசுக்கமும் நேர்கின்றன. நம் கடற்கரை, கொக்கி மாட்டிய இணைப்பு. தண்ணீர் முடிந்து தரை தொடங்கும் இடமேயன்றி, தட்டு முடிந்து தட்டுத் தொடங்கும் இடமன்று. அட்லாண்டிக் சமுத்திரத்தின் இருகரைகளும் பெரும்பாலும் சாந்தமாக இருப்பதன் காரணமும் இதுவே.

இவ்விடத்தில், தமிழர் அவையிற் சொல்லாமற் செல்ல இயலாத ஒரு விஷயம் உண்டு. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒருதன்மையான பிராணிகள் காணப்படுவதற்குக் காரணம் கற்பிக்க விரும்பிய பிலிப் ஸ்கிளேட்டர் என்னும் விலங்கியலார், இவற்றை இணைத்த நிலம் ஒன்று கடலுள் மூழ்கியிருக்கவேண்டும் என்று 1864இல் எழுதி, அதற்கு இலெமூரியா என்று பெயர் வைத்தார். நம் இலக்கிய மரபிலுள்ள கடல்கோட் செய்திகளோடு அக்கருத்தை இணைத்துப் பேசும் வழக்கமும் பிறகு உண்டாயிற்று. 1912இல் ஆல்பிரட் வெகனர் கண்டங்கள் நகர்கின்றன என்று கூறியபோது பலரும் நகைத்தார்கள். 1960களிற் கடற்றரையின் காந்தப் பதிவுகளை அளந்து பார்த்தபின் நகைத்தவர்களே ஒப்புக்கொண்டார்கள். நடுவிலிருந்த நிலம் முழுகியதனால் அன்று, இருபுறத்து நிலங்களும் விலகிச் சென்றமையாலேயே இந்து மகாசமுத்திரம் உண்டாயிற்று என்பது அதனால் நிலைபெற்றது. கடல் பொங்கி ஊரை விழுங்கியதென மணிமேகலை புகாரைப் பற்றிக் கூறும் செய்தி இதனின் வேறானது. ஒரு கண்டம் மூழ்குவது நம் கடலின் இயல்பில் இல்லை. ஒரு பட்டினத்தைக் கடல் கொள்ளுவது அதன் இயல்பில் உண்டு. அது எவ்வாறு என்பதற்கு எதிர்க்கரைக்குச் செல்லவேண்டும்.

எதிர்க்கரையில் நடப்பது

இந்தியத் தட்டு வடகிழக்கு நோக்கி நகர்கிறது. சென்னையைச் சுமந்து செல்லும் அதே தட்டின் கிழக்கு விளிம்பு, மியன்மாரிலிருந்து அந்தமான், நிகோபார், சுமத்ரா வரை வில்லாய் வளைந்த ஒரு கோட்டிலே, வேறொரு தட்டை எதிர்ப்படுகிறது. கடற்றரை பழையது, பழமையாற் குளிர்ந்தது, குளிர்ந்தமையாற் கனத்தது. எதிர்ப்படும் தட்டோ அதனினும் இலேசானது. ஆகவே கனத்தது இலேசானதன் அடியிற் புகுந்து, ஆண்டுக்கு நாலைந்து சென்டிமீட்டர் வீதம், பூமியின் உட்புறத்துக்கு இறங்கிக்கொண்டே இருக்கிறது. அது குனிந்து இறங்கும் இடத்திலே கடலின் அடியில் நீண்ட அகழி ஒன்று உண்டாகிறது. அதன் மேற்படிந்த வண்டலும் பாறைத் துண்டுகளும் உள்ளே போகாமற் சுரண்டப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாய்க் குவிந்து, நீர்மட்டத்துக்கு மேலே தலைதூக்குகின்றன. அவ்வாறு தலைதூக்கியவையே அந்தமான் நிகோபார்த் தீவுகள். போர்ட் பிளேரில் நிற்பவன், இறங்கும் தட்டு விட்டுச்சென்ற சுரண்டலின்மேல் நிற்கிறான் என்று சொன்னால் மிகையாகாது.

பூகம்பம் எங்ஙனம் விளைகிறது என்பது இனி எளிதில் விளங்கும். கீழ்த்தட்டு இறங்கும்போது இரண்டு தளங்களும் வழுக்கிச் செல்வதில்லை. உராய்வினால் நூற்றாண்டுக் கணக்கிற் பூட்டிக்கொண்டு விடுகின்றன. கீழ்த்தட்டின் பயணமோ நிற்பதில்லை. ஆகையால் மேற்றட்டின் நுனி அதனோடு இழுபட்டு வளைகிறது. ஆண்டுக்கு நான்கு சென்டிமீட்டர் என்றாலும் நானூறு ஆண்டுகளிற் பதினாறு மீட்டர்க் கணக்கு நிலுவை நிற்கிறது. ஒருநாள் பூட்டு அறுகிறது. நிலுவை முழுவதும் நிமிஷங்களிலே தீர்க்கப்படுகிறது. இந்த அதிர்ச்சிகள் அகழியை ஒட்டி ஆழமின்றியும், அதனை விட்டு விலகுந்தோறும் ஆழ ஆழமாகவும் நிகழ்வதை ஜப்பானில் வாதாச்சி என்னும் அறிஞர், தட்டுக் கொள்கை பிறப்பதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே, 1920, 30களில் அளந்து கூறியிருந்தார். உலகின் சில பகுதிகளில் 700 கிலோமீட்டர் ஆழம் வரை சரிவாக இறங்கும் அந்த வரிசை, இறங்கும் தட்டு தன் வழியைத் தானே வரைந்து காட்டிய படமாகும்.

எரிமலையின் காரணம் இவ்வளவு எளிதன்று. இறங்குவது குளிர்ந்த பாறை; குளிர்ந்த பொருள் புகும் இடத்தில் நெருப்பு எழுவானேன்? தட்டுகள் உராய்வதால் உண்டாகும் உஷ்ணம் அதற்குப் போதாது. விடை, தண்ணீர். கோடிக்கணக்கான ஆண்டுகள் கடலுக்கு அடியிற் கிடந்த பாறை, தன் துளைகளிலும், தாதுக்களின் அமைப்பிலுமே நீரை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆழத்தை அடையும்போது, அழுத்தமும் உஷ்ணமும் அந்த நீரைப் பிழிந்து, மேலேயுள்ள கனன்ற பாறையினுள் ஏற்றுகின்றன. வறண்டிருந்தவரை உருகாது நின்ற பாறை, நீர் கலந்ததும், உஷ்ணம் சற்றேனும் கூடாத நிலையிலும், உருகத் தொடங்குகிறது. உருகிய குழம்பு இலேசாகையால் மேலேறி, ஆவி செறிந்திருத்தலால் வெடித்துப் புறப்படுகிறது. சமுத்திரத்தின் ஓரத்து எரிமலைகள் சமுத்திரத்தின் நீராலேயே எரிகின்றன என்னும் இவ்வுண்மை, பூமி சாஸ்திரத்தின் வியப்புகளுள் தலையாயது.

தட்டு அவ்வளவு ஆழம் இறங்குவதற்கு அகழியிலிருந்து சற்றுத் தொலைவு செல்லவேண்டும் அன்றோ? ஆதலால் முதலில் அகழி, அதற்கு அப்பால் எரிமலை வரிசை என்னும் ஒழுங்கு எங்கும் மாறுவதில்லை; நம் கடலில் அவ்விரண்டுக்கும் இடையே தீவுத்தொடர் நிற்கிறது. போர்ட் பிளேருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டரில், மனித வாசமற்ற பேரன் தீவு என்னும் எரிமலை கடலிலிருந்து எழுந்து நிற்கிறது. இந்தியாவில் உயிரோடுள்ள எரிமலை இது ஒன்றே. 1787இல் இது புகைந்ததாகப் பதிவு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடங்கியது, நூற்றைம்பது ஆண்டு உறக்கத்துக்குப்பின் 1991இல் மீண்டும் பொங்கி, அதன்பின் அவ்வப்போது பொங்கி வருகிறது. இதற்கு வடக்கே உள்ள நார்கொண்டம் தீவும் எரிமலையே, இப்போது உறங்குகிறது. அதே வரிசையின் தென்பகுதியிலே 1883 ஆகஸ்டு 27ஆம் நாள் வெடித்த கிரக்கதோவா, 36,000 பேருக்கு மேற்பட்டோரைப் பெரும்பாலும் கடலலையால் மாய்த்தது. சுமத்ராவின் தோபா எரிமலை ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் கக்கிய சாம்பலோ, கடலைக் கடந்து வந்து படிந்து, ஆந்திரத்தின் நந்தியால் ஜில்லாவில் ஜ்வாலாபுரத்தில் வெண்ணிற அடுக்காக இன்றும் தோண்டி எடுக்கப்படுகிறது. எதிர்க்கரையின் உக்கிரம் எதிர்க்கரையோடு நிற்பதில்லை என்பதற்கு அது பழைய சாட்சி.

பசிபிக்குக்குத் திரும்பினால்

இப்பொழுது நெருப்பு வளையத்தை நோக்குவோம். பசிபிக்கின் தரை ஏறக்குறைய எல்லாப் பக்கங்களிலும் இவ்வாறே இறங்குகிறது: மேற்கே ஜப்பானுக்கும் மரியானாத் தீவுகளுக்கும் அடியில், வடக்கே அலாஸ்காவின் அடியில், கிழக்கே ஆண்டீஸ் மலைத்தொடரின் அடியில். நமது கடலில் ஒரு கரையில் மட்டும் நிகழ்வது அங்கே சுற்றிலும் நிகழ்கிறது; வேறுபாடு அவ்வளவே. கண்டங்களின் பாறைகளில் நூற்றுக்கணக்கான கோடி ஆண்டு மூத்தவை உண்டு. பெருஞ்சமுத்திரங்களின் தரையிலோ இருபது கோடி ஆண்டைத் தாண்டிய பகுதி அரிது. நடுக்கடலிற் பிறக்கும் தரை ஓரத்தில் இறங்கி மறைந்துகொண்டே இருப்பதுதான் அதற்குக் காரணம். பூகம்பமும் எரிமலையும் அந்த மறைவின் அடையாளங்கள். விதிவிலக்குகளும் இல்லாமல் இல்லை: நடுப்பசிபிக்கின் ஹவாய் எரிமலைகள் தட்டின் நடுவே ஆழத்துச் சூட்டிலிருந்து எழுந்தவை, இமயத்தின் அடியில் 1950 ஆகஸ்டு 15ஆம் நாள் அஸ்ஸாமைக் குலுக்கிய பெரும் பூகம்பம் கடலோரத்தது அன்று. ஆயினும் இமயம் நிற்கும் இடத்திலும் முன்னொரு காலத்தில் ஒரு சமுத்திரம் இருந்தது. அதன் தரை முழுவதும் இறங்கித் தீர்ந்தபின், கண்டமே கண்டத்தோடு மோதுகிறது.

கடல் கடந்து வந்தவை

இனி நம் கரைக்கு நேர்ந்தவற்றைச் சொல்லுகிறேன். 1881 டிசம்பர் 31ஆம் நாள் காலை கார் நிகோபார் அருகே ஒரு பூகம்பம் நிகழ்ந்தது. சென்னையிலும் அதிர்ச்சி உணரப்பட்டது. பிறகு ஒரு மீட்டருக்கும் குறைந்த உயரமுள்ள அலைகளைச் சென்னை, நாகப்பட்டினம் முதலிய துறைகளில் கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தைப் பதிய அமைத்திருந்த ஓதமானிகள் காகிதத்திலே வரைந்தன. ஆர்.டி. ஓல்டாம் என்னும் அறிஞர் அப்பூகம்பத்தை ஆராய்ந்து எழுதியதும் உண்டு. எதிர்க்கரை அதிர்ந்தால் இக்கரைக்கு அலை வரும் என்பதும், அதிர்ச்சி முன்னும் அலை பின்னுமாக வரும் என்பதும் அன்றே ஆவணமாகிவிட்டன. 1941 ஜூன் 26ஆம் நாள் அந்தமானில் மீண்டும் ஒரு பெரும் பூகம்பம். யுத்தகாலத்துப் பரபரப்பிலே அதனைக் கருதுவார் குறைவு.

2004 டிசம்பர் 26ஆம் நாள், இந்திய நேரம் காலை 6.29க்குச் சுமத்ராவின் வடமேற்குக் கடலடியிற் பூட்டு அறுந்தது. அறுந்தது ஒரு புள்ளியில் அன்று; தெற்கிலிருந்து வடக்காக, நிகோபார், அந்தமான் முழுவதும், ஏறத்தாழ 1300 கிலோமீட்டர் நீளத்துக்கு, பத்து நிமிஷ நேரம் அறுந்துகொண்டே சென்றது. அப்பூகம்பத்தின் அளவு 9.1. மேற்றட்டின் நுனி மேலெழுந்தது. அதன் பின்பகுதி தாழ்ந்தது. வட அந்தமானின் மேற்குக் கரையிற் பவளப்பாறைகள் நீருக்கு மேலே வந்து காய்ந்தன. போர்ட் பிளேர் ஏறத்தாழ ஒரு மீட்டரும், தென்கோடி இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேலும் அமிழ்ந்தன. அறுந்த கோடு வடக்குத் தெற்காகக் கிடந்தமையால், அது தூக்கிய நீரின் பெரும்பகுதி அதற்குக் குறுக்காக, மேற்கேயும் கிழக்கேயும் பாய்ந்தது. வங்கக் கடலின் வடகோடியிலுள்ள வங்காளதேசம் ஏறக்குறையத் தப்ப, நேர் மேற்கே இருந்த இலங்கையும் தமிழகமும் அடிபட்டன. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 உயிர்கள் போயின. அவற்றுள் 6,000க்கு மேற்பட்டவை நாகை மாவட்டத்தவை. இந்த வடசென்னையில் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கரையோரக் குப்பங்கள் பட்ட பாட்டை உங்களுக்கு நான் விவரிக்கவேண்டுவதில்லை. எர்ணாவூரின் சுனாமிக் குடியிருப்பு இன்றும் அப்பெயராலேயே வழங்குகிறது.

அன்றைய நேரக் கணக்கை மட்டும் சற்று நிதானித்துப் பார்க்க விரும்புகிறேன். பாறையின் வழியே வரும் அதிர்வு, வினாடிக்கு எட்டுக் கிலோமீட்டர் வேகத்தில், ஏறத்தாழ 2000 கிலோமீட்டரைச் சில நிமிஷங்களிற் கடந்து சென்னையை எட்டியது. கட்டிலிற் படுத்திருந்தவர்கள் பலர் அதனை உணர்ந்தார்கள். நீரின் வழியே வரும் அலையின் வேகமோ கடலின் ஆழத்தைப் பொறுத்தது; மூன்று கிலோமீட்டர் ஆழமுள்ள கடலில் அது மணிக்கு 600 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆகவே, அறுந்த கோட்டின் நமக்கு அண்மையான நிகோபார், அந்தமான் பகுதியிலிருந்து புறப்பட்ட அலை நம் துறைமுகத்தை அடைந்தபோது மணி ஏறத்தாழ ஒன்பது. பூமி செய்தியை அனுப்பியதற்கும் கடல் வந்து சேர்ந்ததற்கும் இடையே இரண்டரை மணி நேரம் நம் கையில் இருந்தது. அச்செய்தியைப் படித்துச் சொல்லும் ஏற்பாடு மட்டும் இருக்கவில்லை.

இன்னொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. நம் பக்கத்தில் உயர்ந்த கடற்றரை நம்மை நோக்கி அலையின் முகட்டை முதலில் அனுப்பியது. தாய்லாந்துப் பக்கத்தில் தாழ்ந்த தரை பள்ளத்தை முதலில் அனுப்பியது. அதனால் அங்கே கடல் முதலில் உள்வாங்கிற்று. இங்கே, ஓதமானிகள் காட்டியபடி, நீர் முதலில் ஏறிற்று. பின்வாங்கியதெல்லாம் அதற்கு அப்புறம். கடல் உள்வாங்கினால் ஓடவேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது நல்லதே. உள்வாங்கும் வரை காத்திருக்கலாம் என்று நம் கரையில் ஒருவர் எண்ணினால் அது ஆபத்து.

சாந்தமான கரையின் கடமை

சுமத்ராவின் அருகே சிமலுவே என்னும் தீவு இருக்கிறது. 1907இல் அங்கே பூகம்பமும் அலையும் வந்து பலரைக் கொண்டுபோயின; நிலம் பலமாக அதிர்ந்தால் கடலைப் பாராமல் மேட்டுக்கு ஓடு என்னும் பாடத்தைப் பாட்டன் பேரனுக்குச் சொல்லிவந்தான். 2004இல், அறுந்த கோட்டுக்கு மிக அண்மையில், ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர் ஏழு பேர். அவர்களுக்கு நிலமே ஆசிரியனாக இருந்தது. நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நம் நிலம் இலேசாக அசைந்து நின்றுவிடும். பாத்திரம் கிணுங்கிற்று என்று சொல்லிவிட்டு நாம் வேலையைப் பார்ப்போம். 2012 ஏப்ரல் 11ஆம் நாள் பிற்பகல் சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் ஒரு பூகம்பம் நிகழ்ந்து, சென்னையில் மக்கள் அலுவலகங்களிலிருந்து தெருவுக்கு ஓடிவந்தார்கள். ஆனால் அங்கே பாறைகள் பக்கவாட்டில் நகர்ந்தனவேயன்றி மேலெழாமையால், பேரலை எழவில்லை. இரண்டு நாட்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் காலடியின் அதிர்ச்சியைக்கொண்டு ஒருவராலும் அறிய முடியாது. எதிர்க்கரையை அதன் நிலம் எச்சரிக்கும். நம் கரையை அறிவுதான் எச்சரிக்கவேண்டும். என் சொற்பொழிவின் சாரம் இதுவே.

அந்த அறிவுக்கு 2007 அக்டோபரில் ஓர் இருப்பிடம் அமைந்தது. ஹைதராபாதில் இயங்கும் தேசிய சுனாமி முன்னெச்சரிக்கை மையம், பூகம்பமானிகளைக்கொண்டு சில நிமிஷங்களில் இடத்தையும் அளவையும் கணித்து, ஆழ்கடலின் அடியில் வைத்த அழுத்தமானிகளைக்கொண்டு அலை உண்மையில் எழுந்ததா என்று சரிபார்த்து, செய்தி அனுப்புகிறது. ஆனால் ஹைதராபாதிலிருந்து சென்னைக்கு வரும் செய்தி, காசிமேட்டின் ஏலக்கூடத்துக்கும், திருவொற்றியூரின் தெருமுனைக்கும், வலை பிரித்துக்கொண்டிருக்கும் மனிதரின் செவிக்கும் வரும்போதுதான் முழுமை பெறும். கரையோரத்திலிருந்து இக்கொருக்குப்பேட்டைக்கு நடந்து வர ஒரு மணி நேரங்கூட ஆகாது. இரண்டரை மணி தாராளம். அந்த வழியிலே மூடிக்கிடக்கும் ரயில்வே கேட்டுகளும் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளும் அன்றைக்கு என்ன ஆகும் என்பதைச் சிந்திப்பதும் பூமி சாஸ்திரத்தின் ஒரு பகுதியே என்று நான் கருதுகிறேன்.

சாந்தமான கரை என்றேன். முற்றும் அசையாத கரை என்று கொள்ளற்க. தட்டின் நடுவிலும் பழைய பிளவுகள் உண்டு. அவை அரிதாகவும் மிதமாகவும் அசையும். 2001 செப்டம்பர் 25ஆம் நாள் புதுச்சேரிக்கு அப்பாற் கடலில் 5.5 அளவில் நிகழ்ந்த பூகம்பம் சென்னையைக் குலுக்கிற்று; அடுத்த ஆண்டில் வெளிவந்த இந்தியத் தரநிர்ணயம் சென்னையை மூன்றாம் பூகம்ப மண்டலத்திற் சேர்த்தது. கரையோரத்து மணலும் களிமண்ணும் பாறையைவிட அதிகம் ஆடும் தன்மையன. எண்ணெய்த் தொட்டிகளும் ஆலைகளும் நெருங்கிய இப்பகுதியிற் கட்டடம் எழுப்புவோர் அதனை மறத்தல் தகாது.

பசிபிக்கை நெருப்பு வளையம் என்று சொல்லித் தொலைவில் வைத்துப் பார்ப்பது எளிது. அவ்வளையத்தை ஆக்கிய அதே விதி நம் கடலிலும் செயற்படுகிறது. அதன் உக்கிரம் எதிர்க்கரைக்கும், அதன் அலை நமக்கும் பங்காக வந்திருக்கின்றன. ஓதமானி 1881இலேயே எழுதிவைத்தது 2004 வரை கரையோர மக்களுக்குப் பயன்படாமற் போனது, கருவியின் குறையன்று. கற்றதை ஊருக்குச் சொல்லாத குறை. ஆகவே இங்குள்ள ஆசிரியர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்று: ஆண்டுதோறும் டிசம்பர் மாதத்தில் ஒரு வகுப்பு நேரத்தை ஒதுக்கி, வங்கக் கடலின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, இரு கரைகளையும் குறித்து, நடுவே இரண்டரை மணி என்று எழுதிக் காட்டுங்கள். அதனைப் பார்த்து எழுதிக்கொள்ளும் பிள்ளை வீட்டுக்குச் சென்று தன் தகப்பனுக்குச் சொல்லட்டும். இவ்வறக்கட்டளையின் நோக்கம் அதனால் நிறைவேறும்.